லேடீஸ் புரோகிராமில் ஒரு பெயர்

1

வெளிநாடு போனவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பனி கொட்டுகிறது, தயிர் உறைய மாட்டேன் என்கிறது, பிள்ளை தமிழில் பேச மறுக்கிறது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்குப் பனி மட்டும்தான் இல்லை. திருச்சியிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து இந்த ஆனியோடு இருபத்திரண்டு வருஷம். ரயில்வேயில் புது மண்டலம் பிரித்தபோது என் கணவரை அவருடைய கோப்புகளோடு சேர்த்து இங்கே அனுப்பினார்கள். கோப்புகளோடு நானும் வந்தேன்.

ஹைதராபாத் வெளிநாடா என்று கேட்பீர்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் மாற்றப் போய்ப் பாருங்கள், தெரியும். நான் ஏழு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் இனிஷியலைக் காட்டி, இது என்ன, வீட்டுப் பெயரா, ஊர்ப் பெயரா என்று கேட்டார். அப்பா பெயர் என்றேன். அப்பா பெயர் ஒரே ஓர் எழுத்தா என்றார். மகள் சுதாவைக் கல்லூரியில் சேர்க்கும்போது அவள் உள்ளூர்க்காரிதான் என்று சான்றிதழ் கேட்டார்கள். அலைந்து வாங்கினோம். முதலில் காகிதத்தில் உள்ளூர்க்காரி ஆனாள், பிறகு நிஜமாகவே ஆகிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், கோபம் வந்தால் இங்கிலீஷில்.

போன வாரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேகம்பேட்டில் ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு. ‘மக்கள் தொடர்புத் துறைத் தலைமையில் பெண்கள்: பல நாடுகள், பல பண்பாடுகள்’ என்று தலைப்பு. நான் பன்னிரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். உட்கார்ந்து எழுதி, இங்கிலீஷைச் சரிபார்க்கச் சொல்லி சுதாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தூக்கி மேஜைமேல் போட்டாள்.

“மம்மி, இதி சால போர். ஏதைனா ரியல் இன்சிடென்ட் செப்பு.”

ரொம்ப போராம், நிஜமாக நடந்தது ஏதாவது சொல்ல வேண்டுமாம். நடந்ததை அங்கே சொல்ல முடியாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் அலுவலகம் தெரியும், என்னையும் தெரியும். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

2

நான் வேலை பார்ப்பது மத்திய அரசு நிறுவனம் ஒன்றில். பெரிய பெரிய மின் இயந்திரங்கள் செய்கிறோம். தொழிற்சாலை ஊருக்கு வெளியே, நகர அலுவலகம் பேகம்பேட்டில். ஸ்டெனோவாகத்தான் சேர்ந்தேன். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்து இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு ஹையர் முடித்தவள் நான். என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், “என் பொண்ணு அடிச்ச காகிதத்துல ரப்பர் பட்ட இடம் இருக்காது” என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன்.

ஸ்டெனோவாக இருந்தவளை நிறுவனத்தின் மாதப் பத்திரிகைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து மக்கள் தொடர்புப் பிரிவுக்கு உதவி அதிகாரி. பி.ஆர்.ஓ. ஓய்வு பெற்றபோது அவர் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அதற்கு அரசாங்க பாஷையில் கூடுதல் பொறுப்பு என்று பெயர். பொறுப்பு வந்தது, பதவி வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக ஓய்வு பெற்றவரின் அறையில், அவருடைய நாற்காலியில், அவர் பெயர்ப்பலகையைக் கழற்றிய ஆணித் துளைகளைப் பார்த்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டேன். அடக்கமாக இருந்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். என் கீழே வேலை பார்த்த மூர்த்திக்கு மனு எழுதினால் மூன்று வரியில் நான்கு தப்பு வரும். ஆனால் பத்திரிகைக்காரர்களை சாயந்திரம் கிளப்புக்கு அழைத்துப் போய் உட்காரவைக்க அவன்தான் போவான். குறிப்பு எழுதுவது நான், கிளாஸ் எடுத்துக் கொடுப்பது அவன். எதை மக்கள் தொடர்பு என்று சொல்வார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து குழு வந்தால் இரண்டு நிகழ்ச்சி நிரல் போடுவோம். ஒன்று முதன்மை நிரல். அதில் தொழிற்சாலை, சேர்மனோடு பேச்சு, பத்திரிகையாளர் சந்திப்பு எல்லாம் இருக்கும். இன்னொன்று லேடீஸ் புரோகிராம். வருகிறவர்களின் மனைவிமாருக்கு மியூசியம், சார்மினார், வளையல், முத்து, சேர்மன் வீட்டு அம்மாவோடு டீ. இரண்டையும் தயாரிப்பது நான். ஆனால் பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கிற நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன். லேடீஸை அழைத்துப் போக லேடி வேண்டுமே. நான் எழுதியதை மூர்த்தி மேடையில் நின்று படிப்பான்.

3

எழுபதுகளின் கடைசியில் ஸ்வீடனிலிருந்து ஒரு குழு வருவதாக ஏற்பாடு. எங்களோடு கூட்டு ஒப்பந்தம் போட இருந்த கம்பெனி. எங்கள் நிர்வாகப் பொது மேலாளர் விசுவநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் அவருக்கு. மீட்டிங்கில் இங்கிலீஷ், தனியாக இருந்தால் தமிழ்.

“ராஜேஸ்வரி, இந்த விசிட்டை நல்லபடியா முடிச்சுக் குடுத்துடும்மா. போர்டுல உன் கேஸை நான் வைக்கிறேன். கன்ஃபர்ம் ஆயிடும்.”

“சார், போன வருஷமும் இதேதான் சொன்னீங்க.”

“போன வருஷம் ஸ்வீடன் வரலையேம்மா” என்று சிரித்தார்.

டெலக்ஸில் ஏழு பெயர் வந்தது. நாலு மிஸ்டர், மூன்று மிஸஸ். நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். மிஸ்டரெல்லாம் இடது பக்கம், மிஸஸெல்லாம் வலது பக்கம். இரண்டு நிமிஷ வேலை. யாரையும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர்களுடைய பதவிகளோடு இன்னொரு டெலக்ஸ் வந்தது. அதையும் படித்தேன். இடது பக்கத்து நாலு பேருக்கும் பதவியைக் குறித்துக்கொண்டேன். மூன்றாவது வரியில் மிஸஸ் லிண்ட், மக்கள் தொடர்புத் துறைத் தலைவர் என்று பச்சையாக இருந்தது. பார்த்திருக்கிறேன், ஆனால் என் கண்ணில் படவில்லை. நான் பதவி தேடியது ஆண்களுக்கு மட்டும்தான்.

நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவி கொடுக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று இரண்டு வருஷமாகப் புலம்பியவள் நான். அந்தப் பதவியிலேயே ஒருத்தி வந்து நின்றபோது அவளை வளையல் கடைக்கு அனுப்பியவளும் நான்தான்.

நான் எழுதிய தாளை விஜயா அடித்தாள். விஜயலட்சுமி என்று முழுப் பெயர். எங்கள் பிரிவின் தற்காலிகத் தட்டச்சாளர், மகபூப்நகர்ப் பக்கத்துப் பெண். அமீர்பேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கைகள் இருவரைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவள் வேலையை நீட்டித்து உத்தரவு வரும். அவள் அடித்த காகிதத்திலும் ரப்பர் பட்ட இடம் இருக்காது.

4

குழு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று சீமாட்டிகளோடு காரில் புறப்பட்டேன். ஓட்டியவர் யூசுப் பாய். மிஸஸ் லிண்ட் முன்சீட்டில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த நரைமுடி, தட்டையான செருப்பு. நிஜாம் காலத்தில் அரண்மனையிலிருந்து செய்திகள் ஊருக்கு எப்படிப் போயின என்று கேட்டாள். மனைவிமார் கேட்கிற கேள்வியா அது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லாட் பஜாரில் எங்கள் வழக்கமான கடை. கடைக்காரர் அவள் கையைப் பிடித்து அமுக்கி, கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினார். “ஹாத் டீலா சோடோ அம்மா, டர்னா நக்கோ” என்று அவர் சொல்ல, கையைத் தளர்த்தச் சொல்கிறார், பயப்பட வேண்டாமாம் என்று நான் மொழிபெயர்த்தேன். கைக்கு ஒரு டஜன் ஏறியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இதெல்லாம் மிக அழகாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்களை எத்தனை மணிக்குச் சந்திக்கிறேன்? பன்னிரண்டு என்றார்கள்.”

“அது உங்கள் கணவர்கள் இருக்கிற கூட்டம்” என்றேன்.

“என் கணவர் ஸ்வீடனில் இருக்கிறார். கடைசிப் பிள்ளைக்குச் சளி, அதனால் லீவு போட்டிருக்கிறார்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லாமலே புரிந்துகொண்டுவிட்டாள். “மக்கள் தொடர்பைப் பார்க்கிற நீங்களே அழைத்துப்போக வந்ததால், முதலில் ஊரைக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவீர்கள் என்று நினைத்தேன்” என்றாள்.

மற்ற இருவரையும் கடையிலேயே உட்காரவைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். “யூசுப் பாய், பேகம்பேட், ஜல்தி” என்றேன். “ஹவ் மேடம்” என்று தலையாட்டியவர், பத்தர்கட்டிக் கடைத்தெருவில் ஒரு எருமைக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

“எங்கள் ஊரில் எனக்குப் பெரிய அறை இருக்கிறது. கதவில் பெயர் இருக்கிறது. இயக்குநர்கள் கூடும்போது மட்டும் என்னை வெளியே உட்காரவைத்து, முடிந்ததும் கூப்பிட்டு, இதை அழகாக எழுதிவிடு என்பார்கள்.”

“எங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். காகிதம் வரும்” என்றேன்.

அவள் சிரித்தாள், வளையல் குலுங்கியது. பல பண்பாடுகள் என்று கருத்தரங்குக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது இரண்டுதான். ஒன்றில் கதவில் பெயர் எழுதுகிறார்கள்.

நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அவள் வராமல் பேச மாட்டோம் என்று ஸ்வீடன்காரர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூர்த்தி வியர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு டஜன் வளையலோடு அவள் மைக்கைப் பிடித்தாள். “நான் பேசப்போகிற ஊரை முதலில் எனக்குக் காட்டினார் என் சக ஊழியர்” என்று கூட்டத்தின் கடைசியில் நின்ற என்னைக் கைகாட்டினாள். ஒரே வாக்கியத்தில் தப்பை மரியாதையாக மாற்றிவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் கைதட்டினார்கள். சேர்மன் தட்டவில்லை.

5

மறுநாள் விசுவநாதன் சார் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“எப்படிம்மா ஆச்சு இது? சேர்மன் எழுத்துல விளக்கம் கேக்கறார்.”

சேர்மனின் குறிப்பை என் பக்கம் நகர்த்தினார்.

“டைப்பிங்ல ஏதாவது எடம் மாறிப் போச்சா? அப்படி ஏதாவதுன்னா ஒரு வரியில முடிஞ்சுரும். உன் கேஸ் அடுத்த மாசம் போர்டுக்குப் போகுது, அதனால சொல்றேன்.”

என் அறைக்கு வந்து எழுதினேன். தட்டச்சின்போது ஒரு பெயர் தவறுதலாகப் பட்டியல் மாறிவிட்டது, இனி நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும். அவ்வளவுதான் விளக்கம். அவர் சொல்லிக் கொடுத்தார் என்று பழியை அங்கே தள்ளலாம். அவர் கதவைத் திறந்துவிட்டார், உள்ளே நடந்து போனது என் கால்தான். தட்டச்சுக்காரிக்குப் பிழை என்கிற வார்த்தை என்ன செய்யும் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சேர்மன் அலுவலகத்துக்கு எந்தக் காகிதமும் அடித்துத்தான் போக வேண்டும், மூன்று பிரதி. எங்கள் பிரிவில் இருந்தது ஒரே மெஷின். நானே உட்கார்ந்து அடித்திருக்கலாம், கை மறந்து போயிருக்கவில்லை. ஆனால் அதிகாரி டைப் அடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. அந்தத் தாளை மற்றக் காகிதங்களோடு விஜயாவின் தட்டில் வைத்துவிட்டு கேண்டீனுக்குப் போய்விட்டேன். டீ ஆறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மூன்று பிரதியும் தயார். அடித்தவர் யார் என்று தெரிய கீழே இடது மூலையில் முதலெழுத்துப் போடுவது வழக்கம். அதையும் ஒழுங்காகப் போட்டிருந்தாள்.

“மேடம், சந்தகம்” என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். நான் போட்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் அவள் வேலை நீட்டிப்பு வரவில்லை. மேஜைச் சாவியைக் கொடுக்க வந்தாள். நான் முந்திக்கொண்டு, சாரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“வேணாம் மேடம். இப்போ பேசினா உங்களுக்குத்தான் இடைஞ்சல். என்னைக் கேட்டிருந்தாலும் நானே செஞ்சேன்னு சொல்லியிருப்பேன். நான் தற்காலிகம், எனக்கு என்ன போகப் போகுது. நீங்க பி.ஆர்.ஓ. ஆயிட்டா என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்குவீங்கதானே?”

“கண்டிப்பா” என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

6

இதற்குள் மிஸஸ் லிண்ட் ஊருக்குப் போய்ச் சேர்ந்து சேர்மனுக்குக் கடிதம் எழுதினாள். நல்ல மனசோடு எழுதிய கடிதம். எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறேன், உங்கள் ராஜேஸ்வரியைப் போல் விருந்தினரை இவ்வளவு பரிவோடு கவனித்தவரைப் பார்த்ததில்லை, அவரைப் போன்ற தலைவர் கிடைத்தது உங்கள் நிறுவனத்தின் அதிர்ஷ்டம் என்று இருந்தது. நகல் எனக்கும் வந்தது. படித்துவிட்டு, இனி யாரும் மறுக்க முடியாது என்று அன்றைக்குப் பாயசம் வைத்தேன். சுதா அப்போது பள்ளிக்கூடம். “எந்துக்கு மம்மி?” என்று கேட்டாள். எதற்குப் பாயசம் என்று கேட்கக்கூட அவளுக்குத் தமிழ் வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போர்டு கூடி முடிந்ததும் விசுவநாதன் சார் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தக் கடிதம் இருந்தது, ஓரிடத்தில் சிவப்பு மையில் கோடு.

“சேர்மனுக்கு ரொம்ப சந்தோஷம்மா. விருந்தோம்பல்ல இவ்வளவு பேர் வாங்கினவளைப் பத்திரிகை வேலையில போட்டு வீணாக்கக் கூடாதுன்னுட்டார். உனக்குன்னே புதுசா ஒரு போஸ்ட். வரவேற்பு அதிகாரி.”

“பி.ஆர்.ஓ. யார் சார்?”

“மூர்த்தி. அவன் உன்கிட்ட கத்துக்கிட்டவன்தானேம்மா, நீதான் பார்த்துக்கணும்.”

பரிவு என்ற சொல்லின் கீழே கோடு போட்டவர், அதே பக்கத்தில் தலைவர் என்ற சொல்லைத் தாண்டிப் போயிருந்தார். எழுந்து கதவருகே வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

“அந்த லிஸ்ட்டோட டிராஃப்ட் கோப்புல இருந்தது, உன் கையெழுத்து. நான் பார்த்துட்டு எடுத்து வச்சுட்டேன். நீ பண்ணினது கெட்டிக்காரத்தனம்தான். இதுதாம்மா பி.ஆர்.”

அந்தத் துறையில் எனக்குத் தலைமைத் தகுதி இருக்கிறது என்று ஒரு மேலதிகாரி ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

7

கணவர் வழக்கம்போல, சம்பளம் குறையவில்லையே என்றார். சுதா வளர்ந்தாள். நான் இன்றுவரை வரவேற்பு அதிகாரியாக இருக்கிறேன். மூர்த்தியின் இங்கிலீஷை இன்றும் நான்தான் திருத்துகிறேன். இந்த ஊரில் யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்தில் ரோஜா மாலையோடு நிற்கும் பெண்மணி நான்தான். எல்லோரும் என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுத் திருச்சியில் என் அக்கா, ராஜி பெரிய இடத்தில் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுத்து எழுதியதில்லை.

இவ்வளவு தூரம் படித்தவர்கள் என் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். பாவம், அவளுக்குக் கிடைக்கவேண்டியதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைப்பீர்கள். பிடுங்கிக்கொண்டார்கள்தான். அந்தக் கசப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது. ஆனால் குறிப்பை இங்கே நிறுத்தினால் அது மூர்த்தி படிக்கத் தகுந்த பத்திரிகைக் குறிப்பாகிவிடும்.

வரவேற்புப் பிரிவு தனியாகப் பிரிந்த நாலாம் மாதம், எனக்கு ஒரு தற்காலிகத் தட்டச்சாளர் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. யாரை எடுப்பது என்பது என் முடிவு. என் வேலைக் காலம் முழுவதிலும் யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்யலாம் என்று கொடுத்தது அது ஒன்றுதான். விண்ணப்பம் போட்டவர்களுக்குச் சோதனை வைத்தேன். விஜயாவும் வந்திருந்தாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தங்கையின் புடவையாக இருக்கவேண்டும், புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாக்குக் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கும் என்கிற சிரிப்பு. வேகத்தில் அவள்தான் முதல். அவள் தாளைப் பிழை தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

அவளை எடுத்தால் தினமும் காலை ஒன்பதரைக்கு எனக்கு எதிரே வந்து உட்காருவாள். தினமும் நன்றியோடு வணக்கம் சொல்லுவாள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. இரண்டாவதாக வந்த பெண்ணை எடுத்தேன்.

முதலாவதாக வந்தவரை விட்டுவிட்டு இன்னொருவரை எடுத்தால் கோப்பில் காரணம் எழுத வேண்டும், அதுதான் விதி. ‘முன்பு பணியில் பிழை செய்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.